நிலையில் சிக்கிய ஃப்ரிட்ஜ்

அளவெடுத்தவள் சுஜி. அதனால் முதல் பயமும் அவளுக்குத்தான் வந்தது.

மேடவாக்கத்தில் கூட்ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவொன்றில், இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சமையலறை. அந்தச் சமையலறையின் கோடியில், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில், ஃப்ரிட்ஜ் வைப்பதற்கென்றே ஒரு பொந்து விட்டிருந்தார்கள். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் அதில் தாராளமாக நின்றது. போன மாதம் அது உயிரை விட்டதும், "அதே மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கிட்டா தொல்லையில்ல" என்றாள் மாமியார் செல்லம்மா. சுஜி கேட்கவில்லை. பொந்தின் அகலத்தை டேப் வைத்து அளந்தாள். மேலே ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, கீழே ஓர் அளவு. சுவர்கள் எப்போதும் நேராக இருப்பதில்லை, மூன்றில் எது குறைவோ அதுதான் உண்மையான அகலம் என்பது அவளுக்குத் தெரியும். பின்பக்கம் சூடு வெளியேற நான்கு விரல் இடம் வேண்டும் என்பதும் தெரியும். எல்லாம் கூட்டிக் கழித்து, ஆளுயர இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கினாள்.

அவள் அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, போகிற வழி.

கொண்டுவந்த ஆட்கள் பெட்டியைக் கூடத்தில் இறக்கி, அட்டையைப் பிரித்துவிட்டு, "கிச்சன்ல வெக்கிறதெல்லாம் எங்க வேல இல்ல மேடம்" என்று சொல்லிக் கூடுவாஞ்சேரி டெலிவரிக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். அது வெள்ளிக்கிழமை காலை. புதுப்பொருள் உள்ளே போகும் முன் விளக்கேற்ற வேண்டுமென்று செல்லம்மா கூடத்தில், சாமி அலமாரிக்கு முன்னால், தரையில் மணை போட்டுக் குத்துவிளக்கை வைத்து ஐந்து முகமும் ஏற்றியிருந்தாள். ஃப்ரிட்ஜின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. முதலில் உள்ளே வைக்கும் பொருள் இனிப்பாக இருக்க வேண்டுமென்று பாயசம் காய்ச்சச் சொல்லியிருந்தாள். அதைச் சுஜி அப்போதுதான் இறக்கி அடுப்பை அணைத்திருந்தாள். அடுப்பின் குமிழைத் திருப்பினாளே தவிர, கீழே சிலிண்டரின் தலையில் இருக்கும் ரெகுலேட்டரை மூடவில்லை. பகலில் அதை யார் மூடுகிறார்கள்?

தள்ளுவதற்குச் சுஜியின் கணவன் பத்ரியும், கீழ் வீட்டு பென்னியும். பென்னி தாம்பரத்தில் டயர் கடை வைத்திருப்பவர். குழந்தைகள் வளையம் உருட்டுவது போல லாரி டயரை உருட்டுகிற தோள்கள். பத்ரிக்குத் தோள் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது.

"இன்னா பத்ரி, காலைல இட்லி துன்னியா இல்லியா? நான் தள்ளிகினு போறேன், நீ சும்மா கையை வெச்சிகினு வா, போதும்."

"அண்ணா, வாய்ல தள்ளாதீங்க, கையில தள்ளுங்க."

ஃப்ரிட்ஜின் அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டிருந்தார்கள். பளபளப்பான தரையில் துணி வழுக்கும், துணிமேல் ஃப்ரிட்ஜ் வழுக்கும். அறுபது கிலோவைத் தூக்காமலேயே நகர்த்த இதைவிட எளிய வழி இல்லை.

"நீ உள்ள போய் நின்னு பாரு சுஜி. எங்கயாவது இடிச்சா சொல்லு" என்றான் பத்ரி.

அவள் உள்ளே போனாள். இரண்டாவது தப்பு அது.

முதுகுப்பக்கம் முன்னால் வர, ஃப்ரிட்ஜ் சமையலறை நிலைக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் விரல் கனம்தான் இடைவெளி. இவ்வளவு பணம் போட்டு வாங்கிய பொருள் வாசலிலேயே நின்றுவிட்டால் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமல் பார்க்கும் பார்வையை வருஷக்கணக்கில் தாங்க வேண்டும். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

பென்னி தள்ளிய பக்கம் வேகமாக வந்தது. பத்ரி தள்ளிய பக்கம் தயங்கியது. ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தினால் எந்தப் பெட்டியும் நேராகப் போகாது, திரும்பும். ஃப்ரிட்ஜ் பத்ரியின் பக்கமாகத் தலையைத் திருப்பியது. நிலையைத் தாண்டியவுடன் அந்தப் பக்கத்தில்தான் சமையல் மேடை ஆரம்பிக்கிறது. மேடைக்குக் கீழே, கதவை ஒட்டிய முதல் அறையில், ஒரு பூப்போட்ட திரைக்குப் பின்னால், சிலிண்டர்.

"நில்லுங்க! நில்லுங்கண்ணா!"

பென்னி நிறுத்துவதற்குள் ஃப்ரிட்ஜின் மூலை திரையைக் கிழித்துக்கொண்டு அந்த அறைக்குள் போய்விட்டது. டங்கென்று இரும்பு இரும்பில் மோதிய சத்தம். பிறகு ஃப்ரிட்ஜ் அசையவில்லை. ஒரு மூலை சிலிண்டர் அறைக்குள், அதற்கு நேர் எதிர் மூலை பென்னி பக்கத்து நிலைக்கட்டையில். மூலைவிட்டமாக முறுக்கிக்கொண்டு, வாசலை அடைத்தாற்போல நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றான் பத்ரி வெளியிலிருந்து.

சுஜி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குக்கர் விசிலுக்கு முன்னால் மூச்சு விடுமே, அந்த மாதிரி மெல்லிய, விடாத சீறல். அதன் பின்னாலேயே வாடை வந்தது.

உண்மையில் சமையல் வாயுவுக்கு வாடையே கிடையாது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றத்தை வேண்டுமென்றேதான் கலந்து விடுகிறார்கள். பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்றில் வாயு சேர்வதற்கு வெகு முன்பே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆக, வாடை வந்துவிட்டதாலேயே வெடிக்கப் போகிறது என்று பொருள் இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்பதுதான் பொருள். இதெல்லாம் சுஜிக்குத் தெரியும். எந்தச் சாமான் வாங்கினாலும் அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவள் அவள்.

குனிந்து பார்த்தாள். மேடைக்கடியில் ஃப்ரிட்ஜின் மூலை சிலிண்டரைப் பின்சுவரோடு சாய்த்து அழுத்தியிருந்தது. ரெகுலேட்டரின் மூக்கிலிருந்து ரப்பர் குழாய் பாதி கழன்று தொங்கியது. ரெகுலேட்டரின் குமிழ் அதோ கண்ணுக்குத் தெரிகிறது. ஃப்ரிட்ஜுக்கும் மேடைக்கல்லுக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை நுழைத்தாள். முழங்கைக்கு மேல் போகவில்லை. விரல் நுனிக்கும் குமிழுக்கும் நடுவே ஒரு சாண் தூரம். தோளைத் திணித்தாள். கல்லின் விளிம்பு தோலை உரித்தது. சாண் சாணாகவே இருந்தது.

"கேஸ்!" என்று கத்தினாள். "கேஸ் லீக் ஆகுது! டியூப் கழண்டுடுச்சு!"

பிறகு பத்ரியின் குரல், உடைந்து: "ரெகுலேட்டரை மூடு!"

"கை எட்டல!"

"இரு, இரு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடறேன், வெளிய போயிடும்."

எக்ஸாஸ்ட் ஃபேனின் ஸ்விட்ச் கூடத்தில், நிலைக்கு வெளியே, பென்னி நின்ற பக்கத்துச் சுவரில் இருந்தது. ஸ்விட்ச் என்பது உள்ளே இரண்டு செப்புத் துண்டுகள். அவை சேரும்போதும் பிரியும்போதும் நடுவே ஒரு குட்டி மின்னல் அடிக்கும். இருட்டில் ஸ்விட்ச் போடும்போது சில சமயம் கண்ணுக்கே தெரியும். மற்ற நாளில் அது ஒன்றும் செய்யாது.

"தொடாதே! பத்ரி, எந்த ஸ்விட்சையும் தொடாதே! ஆன் பண்ணாதே, ஆஃப்பும் பண்ணாதே! ஓடற ஃபேன் ஓடட்டும்! பென்னி அண்ணா, அவர் கையைப் பிடிங்க!"

"பிடிச்சுட்டேம்மா, பிடிச்சுட்டேன்" என்றார் பென்னி. கேலியெல்லாம் அவர் குரலை விட்டுப் போயிருந்தது.

சமையலறைக்கு ஒரே ஜன்னல். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, வெளியே இரும்புக் கம்பி. அதை விரியத் திறந்தாள். திறக்கும்போதே அதனால் பெரிய பயன் இல்லை என்று தெரிந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே ஏறாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவும், பள்ளம் தேடும், கதவுச் சந்தில் நுழையும். ஜன்னல் இடுப்புக்கு மேலே. வாயு கணுக்காலில்.

தண்ணீர் மாதிரி என்று நினைத்ததுமே இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஃப்ரிட்ஜுக்கு அடியில் கால்கள் இருக்கின்றன, கால்களுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்த வழியாக அது கூடத்துக்குப் போகும். கூடத்துத் தரையில் ஐந்து முகமும் எரிகிற குத்துவிளக்கு.

மேடைமேல் தாவி ஏறினாள். ஃப்ரிட்ஜின் தலைக்கும் நிலையின் மேல்கட்டைக்கும் நடுவே கை மட்டும் போகிற சந்து. பூனை வேண்டுமானால் தாண்டலாம். கன்னத்தை ஃப்ரிட்ஜின் மேல்தகட்டில் பதித்து அந்தச் சந்து வழியாகப் பார்த்தாள். பத்ரியின் உச்சந்தலை தெரிந்தது. அவனுக்குப் பின்னால் விளக்கு. ஐந்து சுடரும் ஆடாமல் அசையாமல், படம் வரைந்தது போல நின்றன. பக்கத்தில் தட்டில் கற்பூரம், கையில் தீப்பெட்டியோடு செல்லம்மா.

"அத்தை! விளக்கை அணைங்க!"

செல்லம்மா அண்ணாந்து பார்த்தாள். சந்தில் தெரிந்த அரை முகத்தைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமடி. ஏத்தின வெளக்க நடுவுல..."

"நான் எடுத்துட்டுப் போய் வெளிய வெக்கிறேன்" என்று பத்ரி திரும்பினான்.

"வேணாம்! நெருப்பை எடுத்துக்கிட்டு நடக்காதே! கேஸ் எங்க வரைக்கும் போயிருக்குன்னு நமக்குத் தெரியாது. இருக்கிற இடத்துலயே அணைக்கணும். அத்தை, ஊதுனா சுடர் சாயும், தெறிக்கும். திரியை எண்ணெய்க்குள்ள இழுத்து விடுங்க!"

செல்லம்மா வாழ்நாளில் ஒரு விளக்கையும் வாயால் ஊதி அணைத்ததில்லை. பூவின் காம்பால் திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் முக்குவாள், அதற்கு மலையேற்றுவது என்று பெயர். திரி எண்ணெயில் மூழ்கினால் சுடருக்குக் காற்று கிடைக்காது, சத்தமில்லாமல், பொறி பறக்காமல் தீ செத்துப்போகும். சாஸ்திரமோ என்னவோ, நெருப்பை அணைக்க அதைவிடச் சாதுவான வழி கிடையாது. ஆனால் இன்று பூவைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. தீப்பெட்டியைப் படுக்கையறைக்குள் வீசினாள். மணைக்கு முன் உட்கார்ந்தாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எரிகிற திரியையே கிள்ளிப் பிடித்து எண்ணெய்க்குள் அமுக்கினாள். ஒன்று. அடுத்தது. அவள் உதடு உள்ளே மடிந்திருந்தது. ஐந்தும் அணைந்தபோது கூடம் ஒன்றும் இருட்டிவிடவில்லை, காலை வெயில் இருந்தது. ஆனாலும் சுஜிக்கு ஏதோ பெரிதாக அணைந்தது போலிருந்தது.

"அத்தை, நீங்க கீழ போயிடுங்க."

"நீ வா, போலாம்" என்றாள் செல்லம்மா.

சீறல் நின்றபாடில்லை. தலை கனத்தது. வாடை இப்போது முன்பளவு தெரியவில்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. வாடை குறையவில்லை, மூக்கு பழகிவிட்டது. எந்த நாற்றத்திலும் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். இனி மூக்கை நம்ப முடியாது.

"இழுத்துடலாம், வா பத்ரி" என்றார் பென்னி. "ஏலேலோ!"

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கீழே இரும்பு முனகியது. சிலிண்டர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது, சீறல் உரத்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"வர மாட்டேங்குதும்மா! மாட்டிகினு கீது!"

சுஜி மேடைமேலேயே மண்டியிட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டாள். மேலே காற்று இன்னும் நல்ல காற்றுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பார்த்தாள்: ஃப்ரிட்ஜ் ஏன் வரவில்லை?

பழைய மர மேஜையின் இழுப்பறையை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தால் அது கோணிக்கொண்டு சிக்கும். அப்புறம் எவ்வளவு பலமாக இழுத்தாலும் இன்னும் இறுகுமே தவிர வராது. பலம் போதாததால் அல்ல, பலம்தான் அதை இறுக்குகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இழுப்பதல்ல, திருப்புவது. எந்தப் பக்கம் முந்திக்கொண்டு வந்ததோ அந்தப் பக்கம் பின்வாங்க வேண்டும். எந்தப் பக்கம் பிந்தியதோ அந்தப் பக்கம் உள்ளே வரவேண்டும். ஃப்ரிட்ஜின் மூலை சிலிண்டர் அறைக்குள் தூண்டில் முள் மாதிரி வளைந்து மாட்டியிருக்கிறது. அதை இரண்டு பேர் நேராக இழுத்தால் முள் இன்னும் ஏறும்.

"கேளுங்க! ரெண்டு பேரும் இழுக்கக் கூடாது! வலது பக்கம் மட்டும் தள்ளணும், இடது பக்கம் இழுக்கணும்! சரியா?"

"சரி!"

ஃப்ரிட்ஜ் அசைந்தது. தப்பான பக்கம் அசைந்தது. மூலை சிலிண்டர் அறைக்குள் இன்னும் ஆழமாக ஏறி, மேடையைத் தாங்கி நின்ற கல் படீரென்று விரிசல் விட்டது. சுஜி அலறிவிட்டாள். சிலிண்டர் உருளவில்லை. குழாய் முழுக்கக் கழன்று விழவில்லை.

அவள் உள்ளே நின்று வாசலைப் பார்க்கிறாள், அவர்கள் வெளியே நின்று வாசலைப் பார்க்கிறார்கள். அவளுடைய வலது அவர்களுடைய இடது. இத்தனை தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று. இன்னொரு தப்புக்கு இங்கே இடமில்லை.

"வலது இடது வேணாம்" என்றாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "பேரு சொல்றேன். பென்னி அண்ணா இழுக்கணும். பத்ரி தள்ளணும். பத்ரி, நீ இழுக்கவே கூடாது. சொல்லு, நீ என்ன பண்ணப் போறே?"

"தள்ளப் போறேன்." அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணா?"

"இழுக்கப் போறேம்மா."

"நான் சொன்னப்புறம்."

தரையில் போர்வை சுருண்டு ஃப்ரிட்ஜின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. வழுக்க வேண்டிய துணியே ஆப்பு மாதிரி ஆகிவிட்டது. சுஜி மேடைமேல் இருந்தபடியே, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்தை அப்படியே ஒரு சொம்புத் தண்ணீரில் கவிழ்த்து, ஃப்ரிட்ஜின் அடி முழுக்கப் படும்படி ஊற்றினாள். துணி நனைந்து தரையோடு வழவழத்தது. இனி உள்ளே இருந்தும் ஒரு தள்ளு வேண்டும், அவர்கள் இருவர் பலம் போதாது. கையால் தள்ள அவளுக்கு வலுவில்லை. காலுக்கு உண்டு. முதுகைச் சுவருக்குக் கொடுத்துக் காலால் உதைத்தால் மெலிந்தவர்கள்கூட ஆச்சரியமான பாரத்தை நகர்த்திவிடலாம். ஆனால் அதற்குத் தரையில் உட்கார வேண்டும். வாயு கிடக்கிற தரையில்.

அவள் மேடையிலிருந்து இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, பிறகு அதை மேலே எடுத்துக்கொண்டாள். குளத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் காலை விடுகிற பிள்ளை மாதிரி.

கூடத்தில் விசிறும் சத்தம் கேட்டது. சந்து வழியாகப் பார்த்தாள். செல்லம்மா பால்கனிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து, வாசலிலிருந்து பால்கனிப் பக்கமாக விசிறிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் கொட்டினாலும், பூச்சி மருந்து கொட்டினாலும் அவள் இப்படித்தான் செய்திருப்பாள். இன்று அது சரியான காரியமாக இருந்தது. அட்டையில் ஸ்விட்ச் இல்லை, பொறி இல்லை, தரையில் கிடப்பது மட்டும் வெளியே போகும். திரியைக் கிள்ளிய விரல் இரண்டையும் நீட்டி வைத்துக்கொண்டு மீதி விரல்களால் அட்டையைப் பிடித்திருந்தாள்.

"என்னடி பாத்துக்கினு கீற?" என்றாள் நிமிராமலே. "எறங்கு!"

சுஜி இறங்கினாள். மேலே தலையை உயர்த்தி நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்தாள். முதுகு எதிர்ச்சுவரில். பாதங்களை பென்னி பக்கமாக இருந்த பின்தகட்டில் பதித்தாள். கீழே கம்ப்ரசர் இருக்கிற குழியை விட்டு, மேலே தட்டையாக இருந்த இடத்தில். மூச்சை வெளியே விட்டுத்தான் கத்த முடியும். கத்தினால் அடுத்த மூச்சு இங்கிருந்துதான்.

"இப்போ!"

உதைத்தாள். பென்னி இழுத்தார். பத்ரி தோளைக் கொடுத்துத் தள்ளினான். ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சு காற்றுக்கு ஏங்கியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண் ஓரத்தில் பூச்சி பறந்தது. சோப்புத் தண்ணீர் அவள் உட்கார்ந்த இடத்துக்கு வந்து புடவையை நனைத்தது. அவளே கொஞ்சம் வழுக்கினாள். இவ்வளவுதானா, ஒரு ஃப்ரிட்ஜுக்கா என்று நினைத்தாள். அந்தக் கோபத்தில் இன்னொரு உதை விட்டாள்.

ஃப்ரிட்ஜ் கொஞ்சம் திரும்பியது. கதவு திரும்புவது போல, சாதாரணமாக.

மூலை கல்லை விட்டு விலகியதை அவள் பார்த்தாள். எழுந்திருக்க நேரமில்லை. அப்படியே தரையில் பக்கவாட்டில் சரிந்து சந்துக்குள் கையை விட்டாள். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. விரல்கள் குளிர்ந்த சிலிண்டரைத் தடவி, கழுத்தைத் தடவி, குமிழைப் பிடித்தன. வியர்வையிலும் சோப்பிலும் வழுக்கின. புடவை நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்துத் திருப்பினாள்.

சீறல் நின்றது.

அந்த நிசப்தம் எவ்வளவு பெரியது என்றால், தெருவில் தண்ணீர் லாரிக்காரன் யாரையோ திட்டுவது தெளிவாகக் கேட்டது.

"மூடிட்டேன்" என்றாள். குரல் வரவில்லை. பிறகு மேடையைப் பிடித்து எழுந்து ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, கிடைத்த காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு, "மூடிட்டேன்!" என்று கத்தினாள்.

அவர்கள் ஃப்ரிட்ஜை வெளியே இழுத்தபோது அது வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. சுஜி நிலையைத் தாண்டினாள். பத்ரி அவளைத் தொடுவதற்குள் செல்லம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே மாடிப்படி வழியாகக் கீழே இறக்கி, தெருமுனை வேப்பமரம் வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கேதான் சுஜி அந்த இரண்டு விரல்களைப் பார்த்தாள். நுனிகளில் கொப்புளம் பளபளத்தது.

"அத்தை, தண்ணில வெக்கணும். குழாய்த் தண்ணி, கொஞ்ச நேரம் ஓடற தண்ணில..."

"வெக்கலாம், வெக்கலாம். உனக்கு மயக்கமா வருதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம்."

பென்னி கீழ் வீடுகளிலெல்லாம் கதவைத் தட்டி எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, தெருமுனைக்கு வந்த பிறகுதான் செல்போனை எடுத்து கேஸ் ஏஜென்சியை அழைத்தார். பேசி முடித்ததும் நடைபாதையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மெக்கானிக் சவுரிமுத்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் வீட்டின் எல்லாக் கதவும் ஜன்னலும் திறந்து கிடந்து, வாயு போன இடம் தெரியவில்லை. அவர் பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் குழாயைப் பொருத்தினார். அது கழலாமல் இருக்க மூக்கில் ஒரு உலோகப் பட்டை போட்டு முடுக்கினார். இணைப்பில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று உற்றுப் பார்த்தார். வாயு கசிந்தால் நுரை ஊதும். ஊதவில்லை. ரெகுலேட்டரை மாற்றினார். விரிசல் விட்ட கல்லைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அவ்ளோதான் மேடம். இனி தாராளமா அடுப்பு பத்த வெக்கலாம்."

யாரும் நகரவில்லை. சமையலறை வாசலில் நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். லைட்டர் மேடைமேல் கிடந்தது.

சுஜி உள்ளே போனாள். லைட்டரை எடுத்தாள். இதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன சுத்தியல் ஒரு படிகத்தைத் தட்டும், தட்டு வாங்கிய படிகம் மின்சாரத்தைக் கக்கும், நுனியில் பொறி பறக்கும். அறையில் வாயு இல்லை. நுரை ஊதவில்லை. குழாய் புதிது. ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. கட்டைவிரல் மட்டும் அசையமாட்டேன் என்றது.

"பத்ரி..." என்று திரும்பினாள்.

"நானா?" என்று அவன் ஓர் அடி பின்னால் போனான்.

"அண்ணா?"

"நம்ம வூட்ல இன்டக்ஷன்மா" என்றார் பென்னி.

சுஜி லைட்டரைச் சவுரிமுத்துவிடம் நீட்டினாள். "அண்ணா, நீங்களே ஒரு தடவை பத்த வெச்சுட்டுப் போயிடுங்களேன்."

"இன்னா மேடம், அப்டியே டீயும் போட்டுத் தரணுமா?"

"போட்டுட்டுப் போ ராசா" என்றாள் செல்லம்மா. "எனக்குச் சக்கரை வேணாம்."

அவர் சிரித்துக்கொண்டே அடுப்பருகே போய்க் குமிழைத் திருப்பினார். அந்த வினாடி சுஜியின் தோள்மேல் ஒரு கை விழுந்து, அவளைப் பின்னுக்கு இழுத்தது. டக்கென்ற சத்தம் கேட்டபோது அவள் கூடத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். அடுப்பில் நீலமாகத் தீ வந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் சமையலறைக்கும் நடுவில், கைகளை விரித்துக்கொண்டு, செல்லம்மா நின்றாள்.